பட்டாம்பூச்சிப் புழுக்களுக்குச் செடி வளர்ப்பது எப்படி?

பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். அது நம் தோட்டத்தில் முட்டையிட வேண்டுமானால், புழு தின்னும் இலை அங்கே இருக்க வேண்டும். எருக்கிலை தின்னும் புழுவை எலுமிச்சையில் விட்டால் பட்டினி கிடந்தே சாகும். தாய்க்கு இது தெரியும். இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டிப் பார்க்கும். ருசி பார்க்கும் உறுப்பு அதற்குக் காலிலேயே இருக்கிறது.

1. செடியைத் தேர்ந்தெடுங்கள்

ஓரிரு வாரம் சும்மா கவனியுங்கள். உங்கள் பக்கம் எது பறக்கிறதோ, அதற்குரிய செடியை வையுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தையில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டையிடும். எருக்கு வெந்தய வரியனுக்கு. கொன்றையும் ஆவாரையும் கொன்றை வெள்ளையனுக்கு. ஆடுதீண்டாப்பாளை ரோஜா அழகிக்கு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இரண்டுதான்: தொட்டியில் கறிவேப்பிலை, தரையில் எருக்கு. பட்டாம்பூச்சிச் செடி என்று விற்கப்படும் சிவப்பு மஞ்சள் பூ அஸ்கிளேபியாஸ் அமெரிக்கக் கண்டத்துச் செடி. எருக்கு இருக்க அது எதற்கு?

2. நடுங்கள்

கறிவேப்பிலைப் பழத்தின் சதையை நீக்கி உடனே விதையுங்கள். காய்ந்த விதை முளைக்காது. வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் இன்னும் எளிது. ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி, லேசாகத் தேய்த்துவிட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். எருக்குக்கு வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். அதன் பால் கண்ணில் படக் கூடாது, ஒடித்தால் கையைக் கழுவுங்கள்.

ஒரே இனத்தில் இரண்டு மூன்று செடிகளாவது இருக்கட்டும். நான்கு புழு சேர்ந்தால் ஒரு சிறு கன்றை மொட்டையடித்துவிடும்.

3. மருந்தை மறந்துவிடுங்கள்

நான் முதலில் வாங்கி வந்த எலுமிச்சைக் கன்றில் மூன்று புழுக்கள் வந்தன. இரண்டாம் நாளே கறுத்துச் சுருண்டு கீழே கிடந்தன. செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி மருந்து இலையில் வெகுநாள் தங்கும். மருந்தடிக்காத கன்றா என்று கேட்டு வாங்குங்கள். வேப்பெண்ணெயும் வேண்டாம், அதற்குப் புழு எது, பூச்சி எது என்று தெரியாது. எருக்கில் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) வந்தால், முட்டை இல்லாத இலையாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டுங்கள்.

4. தேடிப் பாருங்கள்

எலுமிச்சைத் துளிரில் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. சில நாளில் பொரிந்துவிடும். பல இனங்களின் புழுவுக்கு முதல் சாப்பாடு அந்த முட்டை ஓடுதான்.

எலுமிச்சை அழகியின் சின்னப் புழு அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். நானே ஒன்றைத் துடைத்தெறியப் பார்த்தேன். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக் கொம்பு ஒன்று துருத்திக்கொண்டு வரும், கூடவே காட்டமான வாடை. ஒரு தடவை பார்த்தால் போதும், சும்மா சீண்டாதீர்கள். எருக்குப் புழு ஒளிந்துகொள்வதே இல்லை. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன் பகலிலேயே மேயும். எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் அதிகம் தொடுவதில்லை.

புழு கண்ணில் படவில்லையா? கீழ் இலையில் மிளகு போலக் கழிவு கிடந்தால் நேர் மேலே பாருங்கள்.

குளவியும் சிலந்தியும் சிலவற்றைக் கொண்டுபோகும். அதை நான் தடுப்பதில்லை.

5. கூட்டுப்புழு ஆகும் நேரம்

இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்த புழு திடீரென்று காணாமல் போகும். பயப்பட வேண்டாம், கூட்டுப்புழுவாக இடம் தேடிப் போயிருக்கும். பக்கத்துச் சுவரிலோ தொட்டி விளிம்பிலோகூட இருக்கலாம். அந்தச் சமயம் கிளை வெட்டும் கவாத்து வேண்டாம், சருகைக் கூட்டவும் வேண்டாம். கூடு கறுத்து இறக்கையின் நிறம் தெரிய ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வெளிவரும். இறக்கை விரிந்து காயும்வரை தொடாதீர்கள்.

அப்புறம் மொட்டையான கிளையின் நுனியை வெட்டிவிட்டு, கொஞ்சம் மட்கிய எரு போட்டுத் தண்ணீர் விடுங்கள். அடுத்த முட்டை அந்தப் புதுத் துளிருக்குத்தான் வரும்.