காரைக்குடியில் பிடித்த காற்று மணாலிப் பனிக்குப் போதுமா?

கண்மாய் மணலில் சக்கரம் புதைந்தால் நம்ம பக்கத்தில் காற்றை இறக்கித்தான் வண்டியை வெளியே எடுப்போம். அதே பழக்கத்தில் பனியைக் கண்டதும் சிலர் டயரில் காற்றைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுற்றுலா வண்டிகள் போவது பெரும்பாலும் பனியை வழித்துவிட்ட சாலை. மேலே கொஞ்சம் பனி, அடியில் தார். டயர் அந்தப் பனியைக் கிழித்துத் தாரைப் பிடிக்க வேண்டும். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், பட்டன் (டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள்) இடைவெளி நெருங்கிப் பனி அடைத்துக்கொள்ளும், திருப்பத்தில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. குடும்பத்தோடு, பெட்டிகளோடு போகிறீர்கள் என்றால் முழுச் சுமைக்கான எண்ணைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதுவரை நிரப்பக் கூடாது.

ஊரில் பிடித்த காற்று அங்கே அப்படியே இருக்காது என்பதுதான் முக்கியம். குளிர் 10 டிகிரி கூடினால் சுமார் 1.5 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) குறையும். உயரம் 1,000 மீட்டர் கூடினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கேஜ் சுமார் 1.5 கூட்டிக் காட்டும். காரைக்குடி பெட்ரோல் பங்க்கில் 30 டிகிரி வெயிலில் 33 பிடித்ததாக வையுங்கள். மணாலியில் விடியற்காலை மைனஸ் 5 என்றால் குளிருக்கு 5 போகும், 2,000 மீட்டர் உயரத்துக்கு 3 வரும். கேஜில் 31 அளவில் நிற்கும். அதனால் ஊரிலேயே கூட்டிப் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அங்கே போய், இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் நகர்த்தும் முன் பார்த்து, குறைவதை மட்டும் நிரப்புங்கள். ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதை நம்பி இறக்கினால் மறுநாள் காலை காற்று போதாது. 12 வோல்ட் பம்பும் சொந்தக் கேஜும் கையில் இருக்கட்டும். ஸ்டெப்னியையும் பாருங்கள். வால்வு மூடி நான்கிலும் இருக்க வேண்டும், ஈரம் புகுந்து உறைந்தால் வால்வு கசியும்.

யாரும் ஓட்டாத ஆழப் பனியில் சிக்கிக்கொண்டால் மட்டும் 20 வரை இறக்கி, ஊர்ந்தே வெளியேறி, உடனே நிரப்புங்கள். இறக்கியபடியே வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் எந்த அழுத்தமும் பனியில் உதவாது, சட்டப்படி 1.6 போதும் என்பது வேறு கணக்கு. இறுகிய ஐஸுக்கு டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலிதான் வழி. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்னால் மாட்டுங்கள். மாட்டச் சுலபம் என்று காற்றை இறக்காதீர்கள். நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், வெறும் தார் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

மணாலிக் குளிரில் 33 வைத்த டயர் சமவெளி வெயிலில் 35, 36 காட்டும். கீழே இறங்கிய மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது, ஸ்டிக்கர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.