வாலில் அடிபட்ட பூனைக்கு வீட்டிலேயே மூத்திரம் எடுத்துவிடுவது எப்படி?

எங்கள் சிட்டுவுக்கு இப்போது 4 வயது. 2 வருஷத்துக்கு முன் தெருவில் ஒரு பைக் சக்கரம் அவள் வால் மேல் ஏறியது. மிரண்டுபோய் வாலை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வால் மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை தினம் 3 வேளை என் கையால்தான் அவளுக்கு மூத்திரம் எடுத்துவிடுகிறேன். இதே நிலையில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வாலில் அடிபட்டதற்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம்? வால் பலமாக இழுபடும்போது எலும்பு விலகுவதோடு போகாது. வாலுக்கு மேலே, இடுப்போடு சேர்ந்த சேக்ரம் பகுதியிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களும் சேர்ந்து இழுபடும். மூத்திரப்பை, அதன் வாய், ஆசனவாய் எல்லாவற்றையும் இயக்குவது அந்த நரம்புகள்தான். பூனை நன்றாக நடக்கும், தாவும், சாப்பிடும். ஆனால் பை நிரம்பியது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் சுருக்கி வெளியேற்ற முடியாது.

முதல் படி: ஈரத்தை நம்பாதீர்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடிபட்ட அன்றே பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. வீட்டில் அவள் படுத்த துணியெல்லாம் நனைந்திருந்தது. "ஒன்றுக்குப் போகிறாள், நல்லவேளை" என்று நினைத்துத் துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தூக்கிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா அடிவயிற்றில் கை வைத்த உடனே சொன்னார்: "இது போறது இல்லீங்க, வழியுறது."

மொட்டைமாடி டேங்க் நிரம்பினால் ஓவர்ஃப்ளோ குழாயில் கொட்டுமே, அதே கதை. பை தாங்காமல் மிச்சம் வழிகிறது, உள்ளே அப்படியே நிறைந்து கிடக்கிறது. இப்படி நாள்கணக்கில் விரிந்தே இருந்தால் பையின் தசை தளர்ந்துபோகும். பிறகு நரம்பு தேறினாலும் தசை சுருங்காது. அந்த 2 நாளை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. படுக்கை நனைந்திருக்கிறதா, ட்ரேயில் மண் கிளறாமல் இருக்கிறதா, உடனே டாக்டரிடம் பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுப்பதோடு, வாலின் அடியில் கிள்ளினால் வலி உணர்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உணர்ச்சி இருந்தால் மூத்திரக் கட்டுப்பாடு திரும்பிவர வாய்ப்பு அதிகம். அப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பையைக் கண்டுபிடிப்பது

எழுத்தைப் படித்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம். டாக்டர் உங்கள் விரல் மேல் அவர் விரலை வைத்து ஒருமுறையாவது அழுத்திக் காட்ட வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். இனி எழுதுவது வீட்டுக்கு வந்ததும் "அங்கே செய்தது எப்படி?" என்று கை குழம்பும்போது உதவும்.

பூனையை நிற்க வையுங்கள். தலை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். இடது கையால் நெஞ்சுக்கு அடியில் தாங்கிக்கொள்ளுங்கள். வலது கையை வயிற்றுக்கு அடியில் விட்டு, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் வருமாறு வைத்து, விலாவிலிருந்து பின்தொடை பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். தொடைக்குச் சற்று முன்னால், தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி உருண்டையாக ஒன்று விரல்களுக்கு நடுவே வழுக்கும். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அதுதான் பை. முதுகெலும்பை ஒட்டி மேலே கெட்டியாகத் தட்டுப்படுவது சிறுநீரகம். வரிசையாகக் கொட்டை கொட்டையாகத் தட்டுப்பட்டால் மலம். இரண்டையும் அழுத்தாதீர்கள்.

எனக்கு 4 நாள் பை அகப்படவே இல்லை. விரல் நுனியால் தோண்டித் தேடியதுதான் தப்பு. நுனி பட்டதும் பூனை வயிற்றை இறுக்கிக்கொள்ளும், பிறகு எதுவும் தெரியாது. விரல்களைத் தட்டையாக வைத்து, அவள் மூச்சு விடும் வரை காத்திருந்தால் வயிறு தானாக இளகும், பை கைக்கு வந்துவிடும்.

மூன்றாம் படி: அழுத்துவது

பிசையக் கூடாது, கசக்கவும் கூடாது. பையை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து, வால் பக்கமாக ஒரே சீரான அழுத்தம் கொடுங்கள். உடனே வராது. 3, 4 விநாடி பிடித்தபடியே இருங்கள். பையின் வாய் கொஞ்சம் அடம் பிடித்துவிட்டுத்தான் விடும். முதலில் சொட்டும், பிறகு நூல் பிடித்த மாதிரி தாரை வரும். தாரை வரும்போது பை விரலுக்குள் சுருங்குவதை உணர முடியும். சுருங்கச் சுருங்க விரல்களும் சேர்ந்து நெருங்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நின்றதும் ஒரு நிமிஷம் அவளைத் தடவிக்கொடுத்துவிட்டு மீண்டும் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை இருந்த இடத்தில் ஒன்றுமே அகப்படக் கூடாது. பாதி எடுத்துவிட்டுப் போதும் என்று விடுவதுதான் கிருமித் தொற்றுக்கு வாசல்.

பை கல் மாதிரி இறுகி இருக்கிறது, பூனை கத்துகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பலத்தைக் கூட்டினால் பை கிழியலாம். அடி தண்டுவடத்தில் இன்னும் மேலே பட்டிருந்தால் பையின் வாய் இறுகியே இருக்கும். அதைத் தளர்த்த பிரசோசின் மாதிரி மருந்தும், பை சுருங்க பெத்தனிகால் மாதிரி மருந்தும் டாக்டர் எழுதுவார். வாய் அடைத்திருக்கும்போது சுருங்கும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. அதனால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

எத்தனை வேளை, எவ்வளவு

நான் காலை 6, மதியம் 2, இரவு 10. வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 12 மணி நேரத்தைத் தாண்ட விடவே கூடாது. அளவு பார்க்க சமையலறை எடை மெஷின் போதும். அடியில் விரிக்கும் அண்டர்பேடை, அதாவது ஈரத்தை உறிஞ்சும் விரிப்பை, காய்ந்தபோது ஒருமுறை, நனைந்த பிறகு ஒருமுறை எடை பாருங்கள். கூடுகிற 1 கிராமை 1 மில்லி என்று எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லி. 3 கிலோ பூனைக்கு 8 மணி நேரத்தில் 24 முதல் 48 மில்லி வர வேண்டும். ஒரு நோட்டில் நேரம், அளவு, நிறம், வாடை நாலையும் எழுதி வைத்தேன். டாக்டர் என்னைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பார்.

நரம்பு அடிபட்ட பூனைக்குத் தொற்று வந்தாலும் எரிச்சல் தெரியாது, அதனால் முனகாது. வாடை திடீரென்று கடுமையாவது, கலங்கல், ரத்தச் சாயல், சோர்வு இவைதான் அடையாளம். போன முறை கொடுத்த ஆன்டிபயாடிக்கையே திரும்பக் கொடுக்காமல் மூத்திரத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

சாமான்கள்

மெடிக்கல் ஷாப்பில் பெரியவர்களுக்கு விற்கும் அண்டர்பேட் என் முதல் தேர்வு. செய்தித்தாள் ஈரத்தை இழுக்காது, காலெல்லாம் நனையும். வால் ஓட்டை வெட்டிய குழந்தை டயப்பர் போடலாம், ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. ஈரம் தோலோடு ஒட்டியே இருந்து தொடை இடுக்கு புண்ணாகிறது, வழிகிறதா இல்லையா என்பதும் தெரியாமல் போகிறது. இரவில் மட்டும் வேண்டுமானால் போடுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், துடைக்கப் பழைய பனியன் துணி, இவ்வளவுதான். டெட்டாலும் தரை துடைக்கும் பினாயிலும் பூனைக்கு விஷம், நக்கினால் உள்ளே போய்விடும். குழந்தைகளுக்குப் போடும் ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமும் வேண்டாம். வலிக்கு என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

மலமும் அதே நரம்புதான் என்பதை மறக்காதீர்கள். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சாப்பாட்டில் கலக்கிறேன். 2 நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுவேன்.

பிறகு சேர்த்தது

ஆண் பூனை வைத்திருக்கும் ஒருவர், ட்ரேயில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறது, அழுத்தி எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் குறுகல், அது அடைத்திருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வாலை எடுத்துவிடலாமா என்று இன்னொருவர். சிட்டுவுக்கு 2 மாதம் கழித்து எடுத்தோம். உணர்ச்சியற்ற வால் மூத்திரத்திலும் மலத்திலும் புரண்டு புண்ணாகிக்கொண்டே இருந்தது. எடுத்த பிறகு சுத்தம் செய்வது பாதி வேலையாகிவிட்டது.

வெளியூர் போனால் என்ன செய்வீர்கள் என்றுதான் நிறையப் பேர் கேட்டீர்கள். கீழ்வீட்டு அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போதே இரவு 10 மணி வேளையை அவரிடம் விட்டுவிடுவேன். அவர் எடுத்து முடித்ததும் நான் வயிற்றில் கை வைத்துத் தேடிப் பார்ப்பேன். தொடர்ந்து 3 நாள் என் விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றால் அதற்குப் பிறகுதான் டிக்கெட் போடுவேன்.