மலை, புகை, அடுக்களை: ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

தர்க்கப் பிழைகள் என்று தேடினால் 20, 30 பெயர்கள் கொண்ட பட்டியல்கள் வந்து விழும். அதை மனப்பாடம் செய்துவிட்டு, எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததும் "இது இன்ன பிழை" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆட்களையும் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் பட்டியலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். ஒரு வாதத்தைப் பிரித்துப் போடுவது எப்படி, பிரித்த பிறகு எங்கெங்கே தட்டிப் பார்ப்பது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அதற்கான வேலைத்திட்டம் மணிமேகலையின் 29ஆம் காதையிலேயே இருக்கிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லித்தரும் பௌத்த தருக்கம் அது. பள்ளிக்கூடத்தில் அமுதசுரபியோடு கதையை நிறுத்திவிடுவதால் பலருக்கு இந்தப் பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது (பட்டாலும் உரை இல்லாமல் படித்தால் தலை சுற்றும், அது வேறு விஷயம்).

அங்கே வரும் உதாரணம் ரொம்பச் சாதாரணமானது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. அடுக்களையில் பார்க்கிறோமே, அதைப் போல. முதல் வரி பக்கம், அதாவது சொல்ல வரும் முடிவு. இரண்டாவது ஏது, அதற்கான காரணம். மூன்றாவது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. இந்த மூன்றிலும் போலி வரலாம் என்று சொல்லி, பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வகை பிரித்துக்கொண்டே போகிறது அந்தக் காதை. நமக்கு அத்தனை உட்பிரிவும் வேண்டாம், எடுத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை: மூன்று வரியில் எழுதுங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய ஃபார்வர்டோ, டிவி விவாதத்தில் ஒருவர் கத்தியதோ, எதுவாக இருந்தாலும் உங்கள் சொந்த வார்த்தையில் முடிவு, காரணம், எடுத்துக்காட்டு என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். மனதுக்குள் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஆரம்பத்தில் நிஜமாகவே எழுத வேண்டும். பாதிச் செய்திகள் இந்த இடத்திலேயே படுத்துவிடும். இரண்டாவது வரிக்கு எழுத ஒன்றுமே இருக்காது. "உண்மையான தமிழனாக இருந்தால் பகிருங்கள்" என்பது காரணம் இல்லை. "நீ மட்டும் யோக்கியமா" என்பதும், "அந்த ஊரில் நடந்தபோது எங்கே போனாய்" என்பதும், "அப்போ நீ அந்தக் கட்சியா" என்பதும் அப்படித்தான். ஆளைத் தாக்குவது, பேச்சை வேறு பக்கம் திருப்புவது, இரண்டே பக்கம்தான் உண்டு என்று மிரட்டுவது என இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆனால் எழுதிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடையாளம் ஒன்றுதான், காரணத்துக்கான வரி காலியாக நிற்கும்.

எழுதும்போது ஒரு நேர்மை வேண்டும். எதிராளி சொன்னதை அவரே பார்த்து "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்கிற மாதிரி எழுதுங்கள். "மதுக்கடை நேரத்தைக் குறைக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் "எல்லோரையும் சாமியாராக்கப் பார்க்கிறார்" என்று எழுதிக்கொண்டு அதை அடித்து நொறுக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது, ஆனால் அடி வாங்குவது அவர் சொன்ன கருத்து இல்லை.

காரணத்தைத் தட்டிப் பார்க்க மூன்று கேள்விகள்

ஏதுப் போலியை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பெயர்கள் பல்லை உடைத்தாலும் சங்கதி எளிது.

முதல் கேள்வி, காரணமாகச் சொல்லப்படுவது உண்மையில் நடந்ததா? தூரத்தில் தெரிவது புகையா, ஆவியா, பனியா என்றே உறுதியில்லாதபோது அதை வைத்து நெருப்பு என்று முடிவு கட்டுவது அசித்தத்தில் ஒரு வகை. நம் ஊர் உதாரணம், திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போகின்றன, நாசாவே அதிர்ந்துபோனது என்று வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி. இதற்குப் பதில் சொல்ல வருபவர்கள்கூட சனி கிரகத்தின் கதிர்கள், காந்தப்புலம் என்று இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. நாசா அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால்தான் விழாமல் சுற்றுகிறது, நின்றால் கீழே விழ வேண்டியதுதான். நடக்காத ஒன்றுக்கு எதற்கு விளக்கம்? (கோயிலுக்குப் போகிறவர்கள் யாரும் செயற்கைக்கோளை நம்பிப் போகவில்லை என்பதால் இதை மறுப்பதால் கோயிலுக்கும் ஒரு குறைவும் இல்லை.) ஆகவே "ஏன் அப்படி" என்று கேட்கும் முன்பு "அப்படியா" என்று கேட்டுப் பழகுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது, அன்றாடம் அதிகம் உதவுவதும் இதுதான். இதே காரணத்தை வைத்து நேர் எதிரான முடிவுக்கும் போக முடியுமா? முடியும் என்றால் அந்தக் காரணம் இரண்டு பக்கமும் சாய்கிறது, எதையும் தாங்காது. இதுதான் அநைகாந்திகம். இந்த ஒரு கேள்வியில் பட்டியலில் இருக்கும் அரை டஜன் பிழைகள் சிக்கிவிடும்.

"நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லைதான். ஆனால் ரொம்ப காலமாக இருக்கிறது என்பதற்காக ஒன்று சரி என்றால், உடன்கட்டை ஏறுவதும் குழந்தைத் திருமணமும்கூட ரொம்ப காலம் இருந்தவை. ஐரோப்பாவில் எந்த நோய் வந்தாலும் ரத்தத்தை வடித்துவிடும் வைத்தியம் இரண்டாயிரம் வருடம் ஓடியது. 1799 டிசம்பரில் தொண்டை வீங்கிப் படுத்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் அவருடைய மருத்துவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார்கள், அவர் பிழைக்கவில்லை. பழையதில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்றால், பழையது என்பது எதற்குமே சான்றாகாது.

"இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்பதும் இதே கதை. தமிழ்நாட்டின் மாநிலப் பூ செங்காந்தள். வேலியோரம் தானாக முளைக்கும், ரசாயனம் ஒரு சொட்டு இல்லை, ஆனால் அதன் கிழங்கைத் தின்றால் ஆள் காலி. அதே செடியைத்தான் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். அதிலிருக்கும் கோல்ச்சிசின்தான் கீல்வாதத்துக்கு மருந்தாகிறது. கொல்வதும் குணமாக்குவதும் ஒரே பொருள், அளவுதான் வேறு. "இயற்கை" என்ற சொல் இதில் எதைச் சொல்லிவிட்டது?

பெரிய மனிதர் சொன்னார் என்பதையும் இதில் சேர்க்கலாம். லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் வாங்கியவர். அவர் 1970இலிருந்து வைட்டமின் சியை ஏராளமாகச் சாப்பிட்டால் ஜலதோஷம் அண்டாது என்று ஊர் ஊராகச் சொன்னார். பின்னால் நடந்த ஆய்வுகளில், தினமும் சாப்பிட்டவர்களுக்கு ஜலதோஷம் கொஞ்சம் சீக்கிரம் விட்டது, ஆனால் சாதாரண மக்களுக்கு வராமல் தடுக்கவில்லை. நிபுணரை நம்பவே கூடாதா என்றால், அப்படி இல்லை. இருதய மருத்துவர் இருதயத்தைப் பற்றிச் சொல்வதை நான் கேட்டுக்கொள்வேன், அதே துறையில் மற்றவர்களும் அதைத்தான் சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

இதில் எல்லோரும் விழும் குழி, "சாப்பிட்டேன், சரியாகிவிட்டது." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நமக்கு மொழியிலேயே எச்சரிக்கை இருக்கிறது, இருந்தும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மறந்துவிடுகிறோம். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சில நாள் இறங்கி, நோய் தணியும்போது தாமாகவே ஏறும், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வந்த அன்றுதான் பயந்துபோய்ப் பப்பாளி இலையை அரைத்துக் கொடுப்போம். அடுத்த நாள் ஏறும். கொடுக்காத வீட்டிலும் ஏறியிருக்கும். பப்பாளி இலை வேலையே செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் பெரியம்மாவின் அனுபவத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். சொல்ல வேண்டுமானால் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் செய்தது இதைத்தான். ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சட்டென்று தேறினார்கள். எல்லோருக்கும் எலுமிச்சை கொடுத்திருந்தால் அவருக்கே எதுவும் தெரிந்திருக்காது.

மூன்றாவது கேள்வி, இந்தக் காரணம் உண்மையில் எதிர் முடிவைத்தான் காட்டுகிறதா? இது விருத்தம். அரிதாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் விருந்து. இரண்டாம் உலகப் போரில் சண்டை முடிந்து திரும்பிய குண்டுவீச்சு விமானங்களில் எங்கெங்கே துளை விழுந்திருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். துளை அதிகம் இருக்கும் இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்த புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் போட்ட கணக்கின் சாரம் வேறு: இவை திரும்பி வந்த விமானங்கள். அங்கே அடிபட்டும் பறக்க முடிந்திருக்கிறது. துளையே காணாத இடத்தில் அடிபட்டவை திரும்பவில்லை, கவசம் வேண்டியது அங்கேதான். (வால்ட் 1950 டிசம்பரில் இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். உதகைக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?) படிப்பை விட்டுவிட்டுக் கோடீஸ்வரரான நாலு பேரைக் காட்டி "படிப்பு வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் இந்த விமானங்களை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பை விட்டுவிட்டுக் கடனில் உட்கார்ந்திருப்பவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

எடுத்துக்காட்டு ஏமாற்றும்போது

"எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் பீடி குடிச்சார்" என்பதில் பொய் இல்லை, ஆனால் ஒரே ஒரு தாத்தா. குடித்துக் குடித்து 50 வயதில் போன தாத்தாக்களின் பேரன்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. உவமை இன்னும் ஆபத்து. "அரசாங்கமும் ஒரு வீடு மாதிரிதான், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும்" என்று கேட்கும்போது தலை தானாக ஆடும். வீடு நோட்டு அச்சடிக்காது, வரி போடாது. உவமையைக் கேட்டதும், எந்த இடத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு நிமிடம் தேடுங்கள், அந்த இடம் வாதத்துக்கு முக்கியமானதா என்று பாருங்கள். முக்கியமில்லை என்றால் விட்டுவிடலாம்.

இதையெல்லாம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு

ரொனால்ட் ஃபிஷர் 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புள்ளியியல் மேதை. 1950இல் டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அதற்குச் சில வருடம் கழித்து ஃபிஷர், இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று எழுதினார். புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோய் கொடுப்பதும் ஒரே மரபணுவாக இருக்கலாமே என்றார். பாடப்புத்தகப்படி அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. ஆனால் பதில் வந்துகொண்டே இருந்தது: அதிகம் புகைத்தவர்களுக்கு அதிகம் வருகிறது, நிறுத்தியவர்களுக்கு ஆபத்து குறைகிறது. நிறுத்தினால் மரபணு மாறாதே? அவர் கடைசிவரை இறங்கி வரவில்லை. அவர் புகையிலைக் கம்பெனிகளுக்கு ஆலோசகர், தானும் பைப் பிடிப்பவர். சரி, அதனால்தான் அவர் சொன்னது தப்பு என்று முடித்துவிடலாமா? முடித்தால் நாமும் ஆளை அடிக்கிறோம். அந்தத் தகவல் அவர் பேச்சைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்கிறது, தப்பு என்று காட்டியது மேலே சொன்ன சான்றுகள்தான்.

இன்னொன்று, காரணம் போலி என்று கண்டுபிடித்துவிட்டால் முடிவும் பொய் என்று ஆகாது. நிலா உருண்டையாக இருப்பதால் பூமியும் உருண்டை என்று ஒரு பையன் சொன்னால் காரணம் சொத்தை, ஆனால் பூமி உருண்டைதான். காரணம் விழுந்தால் "இது நிரூபணமாகவில்லை" என்ற இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்.

பழகுவது எப்படி

உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரரின் பேச்சில் பழகாதீர்கள், அங்கே ஓட்டை எல்லோருக்கும் தெரியும். படித்ததும் "சரியாகச் சொன்னான்யா" என்று நீங்கள் பகிர்ந்த கட்டுரை ஒன்றை எடுத்து அந்த மூன்று வரியை எழுதுங்கள். வாரம் ஒன்று போதும். எரிச்சலாக இருக்கும், அந்த எரிச்சல் வரும் இடத்தில் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். கூடவே, என்ன தெரியவந்தால் இந்த முடிவைக் கைவிடுவேன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் அந்த விஷயத்தில் நீங்கள் வாதம் செய்யவில்லை, அணி சேர்ந்திருக்கிறீர்கள்.

குடும்பக் குழுவில் பெரியவர்களிடம் "இது தர்க்கப் பிழை" என்று சொல்லிவிடாதீர்கள், பொங்கலுக்குப் போகும்போது தெரியும். தனியாக ஒரு செய்தி: "சித்தப்பா, இதை எந்தப் பேப்பர்ல போட்டிருக்காங்க? நானும் படிக்கணும்." பெரும்பாலும் பதில் வராது. வந்தால் படியுங்கள், அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ கஷாயம் குடிக்கப்போகிறார் என்றால் மட்டும் மெசேஜ் எல்லாம் வேண்டாம், போனைப் போடுங்கள், கஷாயம் குடித்தாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள். வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.