தம்பினிலிருந்து ஆ ஃபமோசா: கோட்டையைக் கல்லில் படிப்பது எப்படி

மலேசியாவின் தம்பின் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ‘ஆ ஃபமோசா’ என்னும் மலாக்காக் கோட்டைக்குக் கூட்டிப் போகிறவர்கள், வாசல் முன் நிற்கவைத்துப் படம் பிடித்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க என்ன இருக்கிறது, ஒரு வாசல்தானே என்ற எண்ணம். அந்த வாசலே போதும், கல்லைப் படிக்கத் தெரிந்தால்.

முதல் பாடம் தம்பினிலேயே. செம்பனைக் காட்டுச் சாலை மேட்டை வெட்டிப் போகும் இடங்களில், சிவப்பாக, புற்றுப்போல் துளைத் துளையாகத் தெரிவது லேட்டரைட். மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்போது வெட்டலாம். வெட்டி வெயிலில் காயவிட்டால், அதிலுள்ள இரும்பு இறுகிக் கல்லாகிவிடும். கோட்டைச் சுவர் இதே கல்தான். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து ஆணியால் கீறுங்கள், ஒரு கரண்டி நீர் ஊற்றுங்கள். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். கீறுவது இங்கேயே முடிந்துவிட வேண்டும். கோட்டையில் நகம்கூடப் படக்கூடாது.

மலாக்கா சுமார் 40 கிலோமீட்டர். கைப்பேசி வரைபடத்தில் ‘ஆ ஃபமோசா’ என்று மட்டும் தேடினால் அலோர் காஜா பக்கமுள்ள உல்லாச விடுதிக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. கோட்டை வாசலின் பெயரான ‘போர்த்தா டி சந்தியாகோ’ என்று தேடுங்கள். காலை 8.30க்குள் போய்விடுவது நல்லது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் நீர், குழுவுக்கு ஒரு 5 மீட்டர் அளவு நாடா, ஒரு திசைகாட்டி போதும்.

வாசலின் முகப்பில் தொடங்காதீர்கள். வளைவுக்குள் நுழைந்து, சுவரின் கனத்தையும் கல்லின் நீள உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு வெளியே வந்து மேலே பார்க்கலாம். அங்கே ‘1670’ என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் இருக்கும். கோட்டை கட்டிய ஆண்டு 1670 என்று எழுதாத குழுவே குறைவு. போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தது 1511 ஆகஸ்டில். கட்டுமானம் அதைத் தொடர்ந்து வந்தது. 1641 ஜனவரியில் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், பிறகு பழுதுபார்த்துப் பதித்தவையே அந்தச் சின்னமும் ஆண்டும். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள். ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாசல் தப்பியது.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பள்ளிவாசல்களையும் மலாக்கா அரசர்களின் கல்லறைகளையும் இடித்த கற்களும் இந்தக் கோட்டைக்குள் போயின. போர்த்துகீசியருக்குத் துணைநின்று பதவி பெற்றவர்களில் நைனா சாத்து என்ற நம்மவர் ஒருவரும் உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.

சுவரில் பாசி பிடித்த இடங்களைக் காட்டும்போது, தோட்டத்தில் ஊற்றிய அந்தக் கரண்டி நீரை நினைவூட்டுங்கள். குடித்த நீரைக் கல் வெளியே விட்டாக வேண்டும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சுக்குப் பின்னாலேயே கல் உதிரும். கடலோரத்து உப்பும் துளைகளில் படிகமாகிச் செதில் செதிலாக உரிக்கும்.

ஆற்றோரத்து மிடல்பர்க் கொத்தளம் டச்சுக்காரர்களுடையது, இன்று நிற்பது நம் காலத்தில் திரும்பக் கட்டியது. ‘ஸ்டாட்ஹௌஸ்’ என்னும் சிவப்புக் கட்டடமும் அவர்களுடையதே. இரண்டையும் போர்த்துகீசியர் கணக்கில் எழுதவேண்டாம்.

பிறகு வாசலுக்குப் பின்னாலுள்ள குன்றேறுங்கள். 1521இல் துவார்த்தே கோயல்யோ என்ற போர்த்துகீசியர் எழுப்பிய சிற்றாலயம்தான் பின்னாளில் செயின்ட் பால் தேவாலயம் ஆனது. சுவரில் சாய்த்திருக்கும் டச்சுக் கல்லறைப் பலகைகளில் ஆண்டுகளைத் தேடச் சொல்லலாம். உச்சியில் திசைகாட்டியை வைத்துத் தென்மேற்கே பாருங்கள். முன்பு கடல் கோட்டையை ஒட்டியிருந்தது. இன்று அதற்கும் கடலுக்கும் நடுவே கடைவீதிகள் நிற்கும் இடம், கடலை நிரப்பி எடுத்த நிலம். பழைய கரையைக் கோடாக வரையச் சொல்லுங்கள். தன் கோட்டில் வாசல் கரையருகே வந்துவிட்டதைக் காணும்போதுதான் இங்கே ஏன் கோட்டை என்பது பிள்ளைக்கு விளங்கும்.

நேரமிருந்தால் செயின்ட் ஜான் குன்றுக்கும் போங்கள். அது டச்சுக் கோட்டை. அங்கே பீரங்கிகள் கடலைப் பார்க்கவில்லை, நாட்டுக்குள் பார்க்கின்றன. காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பேருந்து தம்பின் வந்து சேரும்வரை பிள்ளைகளே யோசிக்கட்டும்.