நூலும் நட்டும் போதும்: தனிச்சீரிசை இயக்கத்தை நீங்களே அளந்து பாருங்கள்

தனிச்சீரிசை இயக்கம் (நடுப்புள்ளியின் இரு பக்கமும் ஒரே சீராக மாறி மாறி ஆடும் அசைவு) என்றதும் பலர் நேராகச் சைன் வளைவுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் ஒரு தனி ஊசலை ஆட்டிப் பார்த்துவிடுங்கள். கனமான இரும்பு நட்டு, நீளாத நூல், அளவு நாடா, ஸ்டாப்வாட்ச் போதும்.

படி 1. நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலை ஆணியில் சுற்ற வேண்டாம், தொங்கும் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கிவிடுங்கள். அங்கிருந்து நட்டின் மையம் வரை 1 மீட்டர். முடிச்சோடு அளவை நிறுத்திவிடாதீர்கள்.

படி 2. 10 செ.மீ. இழுத்து, தள்ளாமல் விடுங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். ஓரத்தை நெருங்க நெருங்க நட்டு தயங்குகிறது, ஒரு கணம் நிற்கிறது, திரும்புகிறது. நடுவில் விர்ரென்று கடக்கிறது. நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதே விகிதத்தில் மீள்விசை அதை நடுவை நோக்கி இழுக்கிறது. இரண்டு மடங்கு விலகினால் இரண்டு மடங்கு இழுப்பு. தனிச்சீரிசை இயக்கத்தின் உயிரே இதுதான். அதனால்தான் ஓரத்தில் வேகம் பூஜ்யம், முடுக்கம் உச்சம். நடுவில் முடுக்கம் பூஜ்யம், வேகம் உச்சம்.

படி 3. 20 அலைவுகளுக்கு நேரம் எடுங்கள். ஸ்டாப்வாட்சை நட்டு நடுவைக் கடக்கும்போது அழுத்துங்கள். ஓரத்தில் அது தயங்குவதால் சரியான கணம் பிடிபடாது. அதே திசையில் மறுபடி நடுவைக் கடந்தால்தான் ஓர் அலைவு. முதல் அழுத்தத்தில் 'பூஜ்யம்' என்று எண்ணுங்கள். முதல் தடவை நான் 'ஒன்று' என்று தொடங்கிவிட்டேன். எண்ணியது 20, ஆடியது 19. புவியீர்ப்பு முடுக்கம் 10.9 என்று வந்தது, தவறைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

படி 4. மொத்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் அலைவுநேரம். 40.1 வினாடி என்றால் 2.005. இனி, 39.48-ஐ (4 × பை வர்க்கம்) நீளத்தால் பெருக்கி, அலைவுநேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 9.82 வருகிறதா? அதுதான் நீங்கள் அளந்த புவியீர்ப்பு முடுக்கம் (மீ/வி²). உண்மை மதிப்பு ஏறக்குறைய 9.8.

படி 5. இப்போது 5 செ.மீ. மட்டும் இழுத்து விடுங்கள். நேரம் மாறாது. பாதித் தூரம்தான், ஆனால் இழுப்பும் பாதி. 1656-இல் டச்சு விஞ்ஞானி ஹைகென்ஸ் ஊசல் கடிகாரம் செய்தது இந்தக் குணத்தை நம்பித்தான். நட்டை மாற்றினாலும், மையம் வரையுள்ள நீளம் அதேதான் என்றால் நேரமும் அதேதான். நீளத்தை 25 செ.மீ. ஆக்குங்கள், நேரம் பாதியாகும்.

அப்புறம் மறுபடி 1 மீட்டருக்கு வந்து, 60 டிகிரி வரை இழுத்து விடுங்கள். அவ்வளவு தூரத்தில் மீள்விசை அந்த விகிதத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கிவிடும்; முதல் சில அலைவுகளில் அலைவுநேரம் சுமார் 2.15 வினாடியாக நீண்டிருக்கும்.