உடம்பு வலிக்கு ஒரு குவாட்டர்: எங்கெங்கே தப்பு நடக்கிறது?

எங்கள் தெருவில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரவு எட்டு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். "ஒரு குவாட்டர் உள்ள போனாத்தான் தம்பி, உடம்பு நம்ம உடம்பா இருக்கு" என்பார். வீட்டில் அதைச் சாக்கு என்பார்கள். முதல் தப்பே அதுதான். நாள் முழுக்கப் பலகை சுமந்த இடுப்பு அது, வலி பொய்யில்லை. இடுப்பைக் கவனிக்காமல் குடியை மட்டும் விடச் சொன்னால், அந்த வலியே அவரை மறுபடி கடைக்கு அனுப்பும்.

அதற்காகக் குடி வலிக்கு மருந்தாகிவிடாது. கொஞ்ச நேரம் வலியை மரக்க வைக்கும், சரி. ஆனால் அப்படி மரக்க, 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 80 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் ஏற வேண்டும். வண்டி ஓட்டச் சட்டம் விடும் அளவு 30 தான். உடம்பு பழகப் பழக அதே மரப்புக்கு இன்னும் ஊற்ற வேண்டியிருக்கும். போதை இறங்கும்போதோ நரம்புகளுக்குக் கூச்சம் கூடிவிடும். காலையில் இடுப்பு முன்னைவிட வலிக்கும். குடிக்காததால் வலிக்கிறது என்று அவர் நினைக்கிறார். முந்தின நாள் குடித்ததும் அதில் சேர்ந்திருப்பது அவருக்குத் தெரிவதில்லை.

வலி அடிபட்ட இடத்தில் மட்டும் இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். படுகாயத்தோடு வந்த வீரர்களில் பலர் வலி மருந்தே கேட்கவில்லை. உயிர் தப்பிவிட்டோம், இனி ஊருக்குப் போகலாம் என்ற நிம்மதிதான் காரணம் என்று அவர் நினைத்தார். நம் அண்ணனுக்கு நேர் எதிர். நாளைக்கு எழுந்திருக்க முடியாவிட்டால் கூலி போச்சு, கடனுக்கு வட்டி கட்ட முடியாது. அந்தப் பயமும் இடுப்பில்தான் வந்து உட்காரும். "எல்லாம் மனசுதான்" என்று தட்டிக்கழிப்பதும் தப்பு, மனசுக்கு இதில் வேலையே இல்லை என்பதும் தப்பு.

அப்புறம் மாத்திரை. மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று பெயர் தெரியாமல் வாங்கி, குடித்த வயிற்றில் போடுவது. தினமும் குடிப்பவருக்குப் பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் தாங்காது. டைக்ளோஃபினாக் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். டிரமடால், டேபென்டடால் மாதிரியான கடும் வலி மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார்" என்று விடாதீர்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது மாலை போடும் சீசன். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவார், வீடே சந்தோஷப்படும். ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுங்கலாம், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், யாரோ கூப்பிடுவதாகச் சொல்வார். சாமி வந்துவிட்டது என்று திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாலை போடட்டும், ஆனால் அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தளர்ச்சிக்கு குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்கும்போது, குடிப்பவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்த உடம்புக்கு அந்த வைட்டமினைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

சாப்பாட்டில் தெரியாமல் 'குடி மறக்கும் மருந்து' கலப்பதும் வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அவர் அதற்கு மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அவசரப்பட்டு அதைச் செய்வதற்குப் பதில் 14446-க்கு ஒரு போன் போடலாம். போதை மீட்புக்கான இலவச எண் அது.

போன மாதம் அண்ணனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். "குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எப்பவாவது" என்றார் அண்ணன். பின்னால் நின்ற அண்ணி பேசவில்லை, இரண்டு விரலை மட்டும் காட்டினார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த மாத்திரையை அடித்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.