சேஃப்டி வால்வ்: முதல் திறப்பைத் தவறவிடாமல் சோதிப்பது எப்படி?

அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து வெளியேற்றுவது சேஃப்டி வால்வ். அது சோதனைக்காகப் பட்டறைக்கு வந்ததும் துடைத்துவிடக் கை பரபரக்கும். துடைக்காதீர்கள், தட்டாதீர்கள், லீவரை இழுத்துப் பார்க்காதீர்கள். ஆலையில் அழுத்தம் எகிறியிருந்தால் இந்த வால்வ் எப்போது திறந்திருக்கும் என்பதற்கு ஒரே சாட்சி, வந்த நிலையிலேயே அது முதன்முறை திறக்கும் அளவுதான். அழுக்கை உதறிவிட்டுத் திறக்கும் இரண்டாம் திறப்பு அதைச் சொல்லாது.

கம்ப்ரசர் காற்றுத்தொட்டியிலிருந்து கழற்றிய, 10 பார் செட் பிரஷர் (திறக்க வேண்டிய அழுத்தம்) கொண்ட சிறிய ஸ்பிரிங் வால்வை எடுத்துக்கொள்வோம்.

1. நேம்பிளேட்டைப் படித்து செட் பிரஷரைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவை யாரும் மாற்றாதபடி இட்ட ஈயச் சீல் உடைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அதிக வெப்பத்திலோ எதிரழுத்தத்திலோ (வெளியேறும் பக்கத்தில் இருக்கும் அழுத்தம்) வேலை செய்யும் வால்வுகளுக்குச் சோதனை பெஞ்சில் வைக்க வேண்டிய அளவு தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இருந்தால் அதுவே கணக்கு.

2. வெளியேறும் வாய் யாரையும் நோக்காதபடி பெஞ்சில் இறுக்குங்கள். அளவுத்திருத்தம் செய்த 0–16 பார் கேஜ் போதும். 0–100 பார் கேஜில் 0.3 பார் வித்தியாசத்தைப் படிக்கவே முடியாது. சோதனைக்கு நைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்தினால், அது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகத்தான் வர வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

3. 9 பார் வரை சீராக ஏற்றுங்கள். அதன்பின் வினாடிக்கு 0.1 பாருக்கு மேல் ஏறக் கூடாது; அவசரப்பட்டால் முள் ஓடிவிடும், தவறான எண்ணைப் படிப்பீர்கள். திறப்பு நெருங்கும்போது மெல்லிய சீறல் கேட்கலாம். அது திறப்பு அல்ல. படாரென்று வால்வ் எழும் கணத்தில் முள் நின்ற இடமே திறப்பழுத்தம்.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ-யின் விதிப்படி, இந்த செட் பிரஷருக்கு 3 சதவீதம் கூடலாம், குறையலாம்: 9.7 முதல் 10.3 பார் வரை. முதல் திறப்பு 11.4, இரண்டாவது 10.1 என்று வந்தால் பலர் "சரியாகிவிட்டது" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அந்த வால்வ் தொட்டியில் இருந்தபோதே உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பாருங்கள். அடுத்த சோதனையை முன்கூட்டியே வையுங்கள்.

4. திருத்த வேண்டுமென்றால் முதலில் அழுத்தத்தை நன்றாக இறக்குங்கள். செட் அளவுக்கு அருகில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை அழுத்தும் ஸ்குரூவைத் திருகினால் டிஸ்க் (வழியை மூடும் தகடு) தான் அமரும் இருக்கையின் மேல் சுழன்று கீறிவிடும். தண்டைப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாகத் திருகுங்கள். இறுக்கினால் அளவு கூடும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மீண்டும் திறந்து பாருங்கள், ஏனெனில் அந்த இறுக்கத்திலேயே அளவு நகரலாம். தொடர்ந்து மூன்று திறப்புகள் ஒத்துப்போகும்வரை நான் விடுவதில்லை.

5. கசிவுச் சோதனை செட் அளவின் 90 சதவீதத்தில், அதாவது 9 பாரில். தவறித் திறந்தால் காற்றை வெளியேற்றும் அமைப்புள்ள மூடியை வாயில் பொருத்தி, அதன் குழாய் முனையை நீருக்குள் 13 மி.மீ ஆழத்தில் வையுங்கள். அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ 527 விதிப்படி, உலோக இருக்கை கொண்ட சிறிய வால்வுக்கு நிமிடத்துக்கு 40 குமிழ் வரை ஏற்கலாம். ரப்பர் போன்ற மென் இருக்கை என்றால் ஒரு குமிழும் கூடாது.

புதிய சீல் இட்டபின் அட்டையில் இறுதி அளவோடு முதல் திறப்பின் அளவையும் எழுதிக் கட்டுங்கள்.